பெரியவீட்டு அய்யாவின் பெயர்

சண்முகவள்ளி டீச்சர் கடிதத்தை நான்கு முறை படித்துவிட்டாள். ஐந்தாவது முறை படிப்பதற்காக மடிப்பைப் பிரித்தபோது மூன்றாம் வகுப்புப் பூமயில் எழுந்து, "டீச்சர், கடுதாசில என்ன போட்ருக்கு? யாரும் செத்துப் போயிட்டாகளா?" என்று கேட்டாள்.

"யாரும் சாகல. வியாழக்கிழமை இன்ஸ்பெக்டர் வாரார். உக்காரு."

அன்று செவ்வாய்க்கிழமை. இடையில் இருப்பது ஒரே ஒரு புதன்கிழமை.

ஐம்பத்தேழாம் வருஷம் ஜூன் மாதம் திறந்த பள்ளிக்கூடம் அது. உப்பூருக்கு மேற்கே இரண்டு மைலில் இருக்கிற மேலஏந்தலில், பெரியவீட்டு மிளகாய்க் கொட்டகையில் நடந்துகொண்டிருந்தது. மிளகாயை அள்ளி ஆறு மாதம் ஆகியும் நெடி போகவில்லை. கடல்காற்று திரும்பி அடித்தால் இருபத்து மூன்று பிள்ளைகளும் ஒன்றுபோலத் தும்முவார்கள். இப்போதைக்கு இது தற்காலிகப் பள்ளிக்கூடம். கொட்டகையைப் பள்ளிக்கூடத்துக்கென்று எழுதிக் கொடுத்து, அதை இன்ஸ்பெக்டர் பார்த்துக் கையொப்பமிட்டால்தான் நிலைக்கும். இல்லையென்றால் தை மாதம் மிளகாய் வந்துவிடும். பிள்ளைகள் வெளியே போய்விடும். உப்பூர்ப் பள்ளிக்கூடத்துக்கு உடைமரக் காட்டைத் தாண்டி இரண்டு மைல் நடந்து, ஐந்து வயதுப் பிள்ளை எதுவும் போகாது. சண்முகவள்ளிக்கு அது நன்றாகத் தெரியும்.

எழுதிக் கொடுப்பதாகப் பெரியவீட்டு அய்யா வாக்குக் கொடுத்திருந்தார். வியாழக்கிழமையே, இன்ஸ்பெக்டர் முன்னாலேயே. அதற்கு அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். ஒன்றாம் வகுப்பில் படிக்கிற அவருடைய பேரனுக்குத் தாத்தாவின் பெயரைத்தான் வைத்திருக்கிறது; அவன் அந்தப் பெயரை ஊர் பார்க்கப் போர்டில் எழுத வேண்டும்.

அதில் சண்முகவள்ளிக்குக் கவலை இல்லை. அந்தப் பையனுக்கு எழுத்து முத்து முத்தாக வரும். அவளுக்கு மற்ற எல்லாவற்றிலும் கவலை இருந்தது. பத்தொன்பது வயது; முதல் வேலை. பாடக்குறிப்பை எழுதிவிட்டு, சரியா என்று பார்த்து, கிழித்துவிட்டு, மறுபடி அதையேதான் எழுதுவாள். சுவரில் அவள் வரைந்து ஒட்டிய படங்களில் ஓ என்ற எழுத்துக்கு ஓடம் போட்டிருந்தாள். மீன் விற்கிறவர் மகன் மதார் முதல் நாளே எழுந்து, "வத்தை டீச்சர்!" என்றான். "ஓடம்" என்று திருத்தினாள். "வத்தைதான் டீச்சர். எங்க மாமு திருப்பாலைக்குடில வச்சிருக்காக. ஓடம்னு யாரும் சொல்ல மாட்டாக." அதிலிருந்து ஒன்றாம் வகுப்பில் பாதிப்பேர் ஓ-வைக் காட்டினால் வ என்று வாசித்தார்கள். படத்தைக் கிழிக்கலாமா, பிள்ளைகளைத் திருத்தலாமா என்று அவள் நான்கு மாதமாக முடிவு செய்யவில்லை.

மத்தியானம் பெரியவீட்டு அய்யா வந்தார். உள்ளே வரமாட்டார், வாசலில் குடையை ஊன்றி நிற்பார். அவரைக் கண்டதும் பிள்ளைகள் புளியங்கொட்டை எண்ணுவதை விட்டுவிட்டு எழுந்து நின்றன.

"என்ன டீச்சர், எம் பேரன் எம் பேர எழுதிருவான்ல?"

"எழுதிருவான்ய்யா. கண்ண மூடிக்கிட்டு எழுதுவான்."

"கண்ணத் தெறந்துக்கிட்டே எழுதட்டும், போதும்." இடுப்பிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினார். "கணக்குப்பிள்ளை எழுதுன பத்திரம். ஏதும் எழுத்துப்பிழை இருக்கான்னு பாத்து வைங்க. வியாழக்கிழம வந்து கையெழுத்துப் போடுறேன்."

அவர் வரப்பில் இறங்கிப் போனதும், பிள்ளைகளிடம் கொட்டைகளைப் பத்துப் பத்தாகக் கூறு கட்டச் சொல்லிவிட்டு, அவள் காகிதத்தைப் பிரித்தாள். கணக்குப்பிள்ளையின் கையெழுத்து கோழி கிளறியதுபோல் இருந்தது. "மேலஏந்தல் கிராமம், காலஞ்சென்ற முத்துக்கருப்பன் குமாரர் பொன்னுச்சாமி ஆகிய நான்..."

கீழே படித்தாள். மறுபடி மேலே வந்தாள். பொன்னுச்சாமி.

பதிவேட்டை இழுத்துப் பிரித்தாள்.

இந்த ஊருக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது. இதுவரை அந்தப் பெயரை யாரும் சொல்லி அவள் கேட்டதில்லை. பெரியவீட்டு அய்யா என்பார்கள், பெரியவுக என்பார்கள், ஒன்றுமே சொல்லாமல் மோவாயால் மேற்குப் பக்கம் காட்டுவார்கள். அவளும் பெரியவீட்டு அய்யா என்றே பழகிவிட்டாள். பேரனுக்குத் தாத்தா பெயர் என்றால், தாத்தாவின் பெயரும் பேரனுடையதுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

பேரனின் பெயர் பதிவேட்டில் பதினேழாவது வரிசையில், நீல மையில், ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் இருந்தது.

தங்கச்சாமி.

ஜூன் மாதம் பிள்ளை சேர்த்த நாள் அவளுக்கு நேற்றுப்போல் நினைவிருந்தது. பையனின் தாய் ராமலெட்சுமி வந்தாள். துணைக்குப் பூமயில். அந்தப் பிள்ளையின் தகப்பன் வீரையா பெரியவீட்டுப் பண்ணையில் வேலை செய்பவர்.

"பையன் பேரு?"

"சின்னய்யா," என்றாள் பூமயில், கேட்காமலே. "இவுக அய்யா பேரு வேல்சாமி. ராமநாதபுரத்துல மிளகா மண்டி."

"சின்னய்யா வீட்டுல கூப்புடுற பேரு டீச்சர்," என்றாள் ராமலெட்சுமி. "பள்ளிக்கூடத்துக்குப் பேரு வேற."

"என்ன பேரு?"

ராமலெட்சுமி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். சிரிப்பா கூச்சமா தெரியவில்லை. மாமனார் பெயர் என்பது சண்முகவள்ளிக்குப் புரிந்துவிட்டது. அவளுடைய அம்மாவும் இப்படித்தான். மாமனார் பெயர் ஆறுமுகம் என்பதால் ஆறு என்ற எண்ணையே சொல்லாமல், 'அஞ்சுக்கு அடுத்தது' என்பவள்.

"சாடையாச் சொல்லுங்க, நான் கண்டுபிடிக்கிறேன்."

ராமலெட்சுமி காதுத் தோட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது முன்னாடி. சாமி பின்னாடி."

"தங்கச்சாமியா?"

ராமலெட்சுமி தலையை ஆட்டினாள். முகத்தில் நிம்மதி தெரிந்தது. இவ்வளவு விரைவில் கண்டுபிடித்ததற்காகச் சண்முகவள்ளி அன்று முழுவதும் தன்னை மெச்சிக்கொண்டிருந்தாள்.

பொன் என்றாலும் தங்கம் என்றாலும் ஒன்றுதானே. கடையில் ஒன்றுதான். பதிவேட்டில் ஒன்றல்ல.

பள்ளி விட்டதும் ஊரணிக்கு ஓடினாள். ராமலெட்சுமி குடத்தைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, பையன் பேரு பொன்னுச்சாமியா?"

ராமலெட்சுமி பதறிச் சுற்றிலும் பார்த்தாள். "மெல்லப் பேசுங்க டீச்சர்! ஆமா. ஏன் கேக்குறீக?"

"நான் தங்கச்சாமின்னு எழுதிட்டேன். நாலு மாசமா அதத்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். அன்னைக்கி நான் கேட்டப்ப நீங்க தலைய ஆட்டுனீகளே!"

குடம் கையிலிருந்து நழுவித் தண்ணீரில் மிதந்தது. ராமலெட்சுமி அதைப் பிடிக்கவில்லை. "நீங்களும் மாமா பேரச் சொல்லக் கூசிக்கிட்டுத்தான் மாத்திச் சொல்றீகன்னு நெனச்சேன். மரியாதை தெரிஞ்ச பொண்ணுன்னு வீட்டுல வந்துகூடச் சொன்னேனே. எழுதுறப்பச் சரியா எழுதுவீகன்னுதான..."

சண்முகவள்ளிக்கு அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. "நான் போயிப் பெரியவீட்டு அய்யாகிட்டச் சொல்லிர்றேன்."

"ஐயோ, வேண்டாம் தாயி! எம் பேர விட்டுட்டு எவன் பேர எழுதுனீகன்னு கேப்பாக. மருமகதான் வேணும்னு மாத்தி எழுத வச்சான்னு ஆயிரும். ஒரு நாள் இருக்குல்ல? மாத்திச் சொல்லிக் குடுத்துருங்க. சின்னப்பய. புடிச்சுக்குவான்."

அன்று படுத்தவள் புரண்டுகொண்டே இருந்தாள். ஆறு எழுத்து. தங்கச்சாமியிலும் ஆறு, பொன்னுச்சாமியிலும் ஆறு. பின்பாதி 'ச்சாமி' இரண்டுக்கும் பொது. மாற வேண்டியது முன்னால் மூன்றே எழுத்து. மூன்று எழுத்தை ஒரு நாளில் கற்றுக்கொடுக்க முடியாதவள் டீச்சரா? ஆனால் ஒன்றாம் வகுப்பு இன்னும் காலோடுதான் நிற்கிறது. கொம்பே தொடங்கவில்லை. 'பொ'வுக்குக் கொம்பும் வேண்டும், காலும் வேண்டும்.

புதன்கிழமை காலை பையனை மட்டும் தனியே கூப்பிட்டு மணலில் உட்கார வைத்தாள்.

"இனிமே ஒன் பேரு இப்படி எழுதணும்," என்று விரலைப் பிடித்துப் 'பொ' எழுதினாள். "முன்னாடி ஒரு கொம்பு, பின்னாடி ஒரு கால், நடுவுல ப."

"நடுவுல இருக்கவனுக்கு ரெண்டு பக்கமும் காவலா டீச்சர்?"

"ஆமா. எங்க சொல்லு, பொன்னுச்சாமி."

பையன் விரலை இழுத்துக்கொண்டான். "அது யாரு?"

"நீதான்."

"நான் தங்கச்சாமி. நீங்கதான சொன்னீக?" கண்ணில் நீர் முட்டியது. "தங்கச்சாமின்னு போர்டுல எழுதுனா எம் பக்கத்துல ஒக்கார்ற ராசு கை தட்டுறான். நான் அதத்தான் எழுதுவேன்."

எவ்வளவு சொல்லியும் அசையவில்லை. எழுதச் சொன்னால் 'பொ' போட்டுவிட்டு, கை தன்போக்கில் 'ங்கச்சாமி' என்று ஓடியது. பொங்கச்சாமி. பக்கத்திலிருந்த பிள்ளைகள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். பையன் மணலைக் கையால் கலைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவனுக்கு ஒரு குணம் உண்டு. தனியே சொன்னால் ஏறாது. கூட்டத்தோடு சொன்னால் முதல் ஆளாகச் சொல்வான். அது நினைவுக்கு வந்ததும் சண்முகவள்ளிக்கு வழி கிடைத்துவிட்டது. போர்டைத் துடைத்தாள். மூன்று வகுப்பையும் ஒன்றாக உட்கார வைத்தாள்.

முதலில் பொரி என்று எழுதினாள். பிறகு பொட்டு. மதார் தீப்பெட்டியிலிருந்து ஒரு பொன்வண்டை எடுத்துக் காட்டினான், அதையும் எழுதினாள். வண்டுக்குத் தின்ன உடை இலை வேண்டும் என்று இரண்டு பேர் எழுந்து ஓடினார்கள். அவர்களைப் பிடித்து வந்து உட்கார வைத்துவிட்டு, கடைசியாகப் பெரிய எழுத்தில் எழுதினாள்.

"எல்லாரும் சொல்லுங்க. பொன்னுச்சாமி."

"பொன்னுச்சாமி!"

டீச்சர் ஒரு முறை சொன்னால் பிள்ளைகள் மூன்று முறை சொல்வது அந்த வகுப்பின் வழக்கம். ஒவ்வொரு முறையும் சத்தம் ஏறும். மூன்றாம் முறை கூரையிலிருந்து பல்லி விழுந்தது. கூட்டத்துக்குள் பையனும் கத்திக்கொண்டிருந்தான். சிலேட்டைக் கோவை இலையால் துடைத்துத் துடைத்து எல்லாரும் எழுதினார்கள். மத்தியானத்துக்கு மேல் அவனும் எழுதிவிட்டான். பொ, ன், னு, ச், சா, மி. இரண்டு முறை, மூன்று முறை, பத்து முறை எழுத வைத்தாள். ஒரு முறைகூடப் பொங்கவில்லை.

நான்கு மணிக்கு மணி அடித்ததும் பிள்ளைகள் வரப்பில் வரிசையாகப் போனார்கள். முன்னால் போன பூமயில் சிலேட்டைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, நடைக்குத் தாளமாக, "பொன்னுச்! சாமி! பொன்னுச்! சாமி!" என்று கத்திக்கொண்டு போனாள். பின்னால் எல்லாரும் கத்தினார்கள். சண்முகவள்ளி வாசலில் நின்று கேட்டாள். ஆறு எழுத்தும் பிசகாமல் காதில் விழுந்தபோது, நான்கு மாதத்தில் முதல் முறையாக, நான் நல்ல டீச்சர்தான்போல என்று நினைத்தாள்.

சத்தம் மேற்குப் பக்கம் திரும்பியபோதுதான் அவளுக்கு உறைத்தது. வரப்பு பெரியவீட்டு வாசல் வழியாகத்தான் போகிறது. பண்ணையாட்கள் கிழக்கே திரும்பி நின்றுகூடச் சொல்லத் துணியாத பெயரை, அவர்களுடைய பிள்ளைகள் பெரியவீட்டு வாசலில் தாளம் போட்டுக் கத்திக்கொண்டு போகின்றன.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பிய கதையாயிற்று.

வியாழக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பதினான்கு பிள்ளைகள்தான் வந்திருந்தார்கள். மறுபடி எண்ணினாள். பதினான்குதான். வராத ஒன்பதும் பண்ணையாட்களின் பிள்ளைகள்.

பதினான்கு பேரையும் சிலேட்டில் எழுத வைத்துவிட்டு, ஆட்கள் குடியிருக்கும் தெருவுக்கு ஓடினாள். வீரையா வீட்டு வாசலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். ஆனால் வாங்க என்று சொல்லவில்லை.

"பிள்ளைகள அனுப்புங்கண்ணே. இன்னைக்கி இன்ஸ்பெக்டர் வாராரு."

"எதுக்கு டீச்சர்? இன்னும் என்ன சொல்லிக் குடுக்கணும்? பெரியவுக பேர எம் மக வாயில போட்டு விட்டுட்டீக. எங்க அப்பன், பாட்டன் நாக்குல வராத பேரு. நேத்து ராத்திரி ஒத்தப் பருக்கை எறங்கல எனக்கு." துண்டை உதறித் தோளில் போட்டார். "இந்த மகசூலுக்கு எனக்கு அங்கன வேலை இருக்குமான்னே தெரியல. நீங்க போங்க தாயி."

வீட்டுக்குள்ளிருந்து பூமயில் எட்டிப் பார்த்தாள். உதட்டோரம் வீங்கியிருந்தது. சண்முகவள்ளி அதைப் பார்த்தாள். 'தப்பு என்னுது' என்று மட்டும் சொன்னாள். அது வீரையா காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

திரும்பி வந்தபோது இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். வெளியூர்க்காரர். சைக்கிளை உடைமரத்தில் சாய்த்துவிட்டு, முள் குத்திய டயரைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவீட்டு அய்யாவும் வந்துவிட்டார். இன்று செருப்பை வாசலில் விட்டு, குடையை மடக்கிக் கொட்டகைக்குள்ளேயே வந்து நின்றார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. வாசலில் பத்துப் பதினைந்து பேர். கொஞ்சம் தள்ளி, வேலியோரம் ராமலெட்சுமி.

சொல்லிவிடலாம் என்று சண்முகவள்ளி வாயைத் திறந்தாள். அதற்குள் இன்ஸ்பெக்டர் மேசை முன்னால் உட்கார்ந்து பதிவேட்டைத் திறந்துவிட்டார். "நானே கூப்பிடுறேன்மா," என்றார்.

ஒவ்வொரு பெயராக விழுந்தது. "உள்ளேன் சார்." "உள்ளேன் சார்." பிறகு பதில் இல்லாத பெயர்கள். இன்ஸ்பெக்டரின் பென்சில் ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி வைத்தது. அந்த நேரத்தில் வாசல் கூட்டத்தில் ஒரு சலசலப்பு. கால்களுக்கு இடையில் புகுந்து பூமயில் ஓடிவந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். பின்னாலேயே மூச்சிரைக்க வீரையா வந்தார். மகளை இழுத்துப் போக வந்தவர், உள்ளே பெரியவீட்டு அய்யாவைக் கண்டதும் வாசற்காலோடு ஒட்டி நின்றுவிட்டார். தோளில் கிடந்த துண்டு கைக்கு இறங்கியது.

"தங்கச்சாமி," என்றார் இன்ஸ்பெக்டர்.

"உள்ளேன் சார்!"

பெரியவீட்டுப் பேரன் விறைத்து எழுந்து நின்றான்.

"ஏலே," என்றார் பெரியவீட்டு அய்யா. "நீ எதுக்குலே எந்திரிக்க?"

பையன் விழித்தான். இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். ஒரு பிள்ளைகூடத் தும்மவில்லை.

சண்முகவள்ளி முன்னால் வந்தாள். பேசுவதற்கு முன் மூன்று முறை யோசிக்கிறவளுக்கு அன்று ஒரு முறைகூட யோசிக்க நேரமில்லை. "என் தப்புங்கய்யா. சேர்க்குறப்பப் பொன்னத் தங்கம்னு புரிஞ்சுக்கிட்டு எழுதிட்டேன். நீங்க பத்திரம் குடுத்த அன்னைக்கித்தான் உங்க பேரே எனக்குத் தெரியும். ஒரு நாள்ல மாத்தணும்னு எல்லாப் பிள்ளைகளையும் சேத்து வச்சு அந்தப் பேரச் சொல்லச் சொன்னேன். நேத்துப் பிள்ளைக கத்துனதுக்கும் நான்தான் காரணம். பிள்ளைகளோ பெத்தவுகளோ இல்ல."

பெரியவீட்டு அய்யா அவளைப் பார்த்தார். பிறகு பேரனைப் பார்த்தார். "போர்டுல எழுதுலே," என்றார்.

பையன் போனான். எட்டாத இடத்தில் எழுத வேண்டும் என்று கால் விரலில் எம்பி நின்றான். கொம்பு போட்டான். ப போட்டான். கால் போட்டான். ன், னு, ச், சா, மி. சுண்ணாம்புக் கட்டியை வைத்துவிட்டு ஓடிவந்து உட்கார்ந்தான்.

"நல்லா எழுதிட்டான்போல," என்றார் இன்ஸ்பெக்டர். "பதிவேட்டைத் திருத்தணும்னா கார்டியன் பேரைச் சொல்லணும். உங்க பேரு என்னங்க?"

வாசலில் இருந்தவர்கள் தரையைப் பார்த்தார்கள். அவரிடம் யாரும் அப்படிக் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்றோ. அவர் குடை நுனியால் போர்டைக் காட்டினார். "அதான் எழுதிக் கெடக்கே."

இன்ஸ்பெக்டர் தூரப் பார்வைக்குப் போடும் மூக்குக்கண்ணாடியைத் தேடினார். கிடைக்கவில்லை. முன்வரிசைப் பெரிய பிள்ளையைப் பார்த்து, "நீ படிம்மா," என்றார்.

அது பூமயில்.

பூமயில் எழுந்தாள். வாசலைப் பார்த்தாள். அங்கே வீரையாவின் கண் வேண்டாம் வேண்டாம் என்று கெஞ்சியது. டீச்சரைப் பார்த்தாள். சண்முகவள்ளிக்கு என்ன சைகை காட்டுவதென்று தெரியவில்லை. போர்டைப் பார்த்தாள்.

"பொன்னுச்சாமி," என்று படித்தாள்.

"அடியே!" என்று வீரையா கதறினார்.

பெரியவீட்டு அய்யா திரும்பினார். "யாரத்தா பேர் சொல்லிக் கூப்புடுற?"

"நான் யாரையும் கூப்புடலய்யா," என்றாள் பூமயில். வீங்கிய உதட்டால் கொஞ்சம் குழறியது. "கூப்பிட்டா நீங்க ஏன்னு கேக்கணும்ல? நான் எழுதிக் கெடந்ததப் படிச்சேன். அவ்வளவுதான்."

குடை நுனி தரையில் ஒரு வட்டம் போட்டது. இன்னொரு வட்டம் போட்டது. சண்முகவள்ளி அந்த நுனியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏலே வீரையா," என்றார் பெரியவீட்டு அய்யா கடைசியில். "ஒம் மக என்னயக் கூப்புடலையாம்லே. படிச்சாளாம்."

"சின்னக் கழுத, தெரியாமச் சொல்லிருச்சுங்க..."

"தெரிஞ்சுதான் சொல்லுது. நமக்குத்தான் தெரியல." அவர் சிரித்தாரா, பல்லைக் கடித்தாரா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. "நேத்து வாசல்ல சத்தம் கேட்டதும் எந்திரிச்சு வெளிய வந்துட்டேன்லே. எவனோ கூப்புடுறான்னு. பாத்தா ஒரு முழ உசரத்துல இருவது பேரு. பொல்லாத கோவந்தான் வந்துச்சு. இனி இதுக்கு என்ன செய்ய? படிக்கத்தான வருதுக? மத்ததுக எங்க?"

வீரையா தெருப் பக்கம் கையைக் காட்டினார்.

"போயிக் கூட்டிட்டு வா. நிக்காத."

வீரையா ஓடினார். ஓடுகிறவரின் துண்டு வேலியில் மாட்டியது, எடுக்கவில்லை.

பெரியவீட்டு அய்யா மேசையில் பத்திரத்தை விரித்தார். இன்ஸ்பெக்டர் பேனாவை நீட்டினார். வண்டிச் சக்கரத்தைத் தூக்கி வைக்கிறவர்போல் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் போட்டார். கடைசி எழுத்து முடிந்தபோது சண்முகவள்ளி சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"தாத்தா," என்றான் பேரன். மேசை விளிம்பில் மோவாயை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தான். "இச்சக் காணோம்."

"எத?"

"னு-வுக்குப் பெறகு இச்சு வரணும். நீங்க போடல."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். பொன்னுசாமி. நடுவில் 'ச்' இல்லை; பையன் சொன்னது சரிதான். இந்தப் பயலுக்கு இவ்வளவு நன்றாகக் கற்றுக்கொடுத்திருக்க வேண்டாம் என்று சண்முகவள்ளிக்குத் தோன்றியது.

"நாப்பது வருஷமா இப்படித்தாம்லே போடுறேன். எந்தக் கோர்ட்டும் கேக்கல." அவர் நிமிர்ந்தார். "என்ன டீச்சர், நீங்க சொல்லுங்க. இச்சு வேணுமா வேணாமா?"

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார். வாசல் முழுக்க அவளைப் பார்த்தது. பெரியவரின் கையெழுத்தில் பிழை சொல்வதா? இருபத்து மூன்று பிள்ளைகளுக்கு நேற்றுச் சொல்லிக் கொடுத்ததை இன்று இல்லை என்பதா? இன்னும் மை காயாத பத்திரம் அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் கிடந்தது.

"வேணுங்கய்யா," என்றாள்.

அவர் பேரனைப் பார்த்தார்.

"அப்ப அவனுக்குப் போடுங்க," என்றார். "எனக்கு இனிமே எதுக்கு?" பத்திரத்தை இன்ஸ்பெக்டர் பக்கம் தள்ளிவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு வாசலுக்கு நடந்தார்.

இன்ஸ்பெக்டர் பதினேழாவது வரிசையைச் சிவப்பு மையால் அடித்தார். "எழுத்தெழுத்தாச் சொல்லும்மா. மறுபடி தப்பு வரக்கூடாது."

"பொ," என்றாள் சண்முகவள்ளி.

"பொ!" என்றன பிள்ளைகள், வழக்கம்போல், மூன்று முறை.

வாசலில் பெரியவீட்டு அய்யா ஒரு காலைச் செருப்பில் நுழைத்திருந்தார். மற்றக் காலை நுழைக்கவில்லை. ன் போயிற்று, னு போயிற்று. பிள்ளைகளின் சத்தம் ஏறிக்கொண்டே இருந்தது. 'மி' முடிகிறவரைக்கும் அவர் அப்படியே ஒரு காலில் செருப்போடு, முதுகைக் காட்டியபடி நின்றார்.